தானே சுற்றும் வெந்நீர்

அடுப்பில் உலை கொதிக்கும்போது அதனுள் இட்ட அரிசி ஓரிடத்தில் கிடப்பதில்லை. நடுவே மேலெழுந்து, விளிம்பை அணுகியதும் கீழிறங்கி, அடியைத் தொட்டு மீண்டும் மேலெழுகின்றது. அகப்பை கொண்டு எவரும் துழாவாமலே நடைபெறும் இச் சுழற்சியை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கண்டும் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. பனி பெய்யும் நாடுகளிலோ இதே சுழற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இல்லங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் குளிரினின்று காத்து வந்தது.

அந்த அமைப்பைச் சொல்லால் வரைந்து காட்டுவது எளிது. வீட்டின் நிலவறையில் ஒரு கொதிகலம் இருக்கும். அதன் தலையினின்று ஒரு பெருங்குழாய் மேலே செல்லும். அக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து அறைதோறும் உள்ள வார்ப்பிரும்புக் கலங்களுக்குள் வெந்நீரைச் செலுத்தும். 'ரேடியேட்டர்' என்று அழைக்கப்படும் அக் கலங்கள் அறைக்கு வெப்பத்தை அளிக்கும். வெப்பத்தை இழந்த நீர் வேறொரு குழாய் வழியே இறங்கிக் கொதிகலத்தின் அடியை வந்தடையும். கூரையின் கீழுள்ள பரணில் மேலே திறந்த சிறு தொட்டி ஒன்று இருக்கும். இவ்வளவே அமைப்பு. நீரைத் தள்ள விசைப்பொறி இல்லை, மின்சாரம் இல்லை. ஆயினும் நீர் இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சில வேளைகளில் அது சுற்றுவதில்லை. நிலவறையில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். மாடியறையில் குழந்தை குளிரால் நடுங்கும். நீர் ஏன் ஓடுகின்றது என்பதை அறிந்தவனுக்கே அது ஏன் நின்றது என்பது விளங்கும். நீரை ஓட வைப்பதற்கு மனிதன் முதலில் கற்றான். ஓடுவதன் காரணத்தை வெகுநாள் கழித்தே கற்றான். கற்றதைப் பின்னர் ஓரளவு மறந்தும் போனான். அவ் வரலாற்றையே இன்று காண்போம்.

பண்டைய உரோமர் தம் நீராட்டு மண்டபங்களின் தரைக்கு அடியில் அனலையும் புகையையும் செலுத்தி வெப்பமூட்டினர். கொரிய நாட்டார் அடுப்புப் புகையைத் தரைக்கடியில் ஓடவிட்டு அத் தரைமீதே உறங்கினர். இவ்விரண்டிலும் வெப்பத்தைச் சுமந்து சென்றது காற்று. மூடிய குழாயினுள் நீரைச் சுற்றவிட்டு அதன் வாயிலாக வெப்பத்தைக் கொண்டு செல்லும் முறை பிற்காலத்தது. சுவீடன் நாட்டுப் பொறியாளராகிய மார்ட்டன் திரீவால்டு என்பார் இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் தங்கியிருந்தபோது, 1716-ஆம் ஆண்டில் ஒரு செடிகொடி வளர்ப்பகத்திற்கு வெந்நீரால் வெப்பமூட்டினார் என்று இத்துறையின் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கொதிகலம் கட்டடத்திற்கு வெளியே இருந்தது. குழாய்கள் உள்ளே சென்றன.

அடுத்து நம் கண்ணில் படுபவர் பிரான்சு நாட்டுப் பொன்மேன். அவருடைய நோக்கம் மனிதருக்கு வெப்பமூட்டுவதன்று, கோழிக்குஞ்சு பொரிப்பதே. அடைகாக்கும் கோழியின் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்க வேண்டுமாயின் முட்டைகளைச் சுற்றிலும் மாறாத இளஞ்சூடு நிலவ வேண்டும். சற்றுக் கூடினால் முட்டை வெந்துவிடும். சற்றுக் குறைந்தால் உயிர் தோன்றாது. 1777-ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த பொரிப்பகத்தில் கொதிகலத்தினின்று எழுந்த வெந்நீர், முட்டைத் தட்டுகளைச் சூழ்ந்த குழாய்களில் ஓடித் தன் வெப்பத்தை ஈந்து, குளிர்ந்து திரும்பியது. சூடு மிகுந்தால் நெருப்புக்குச் செல்லும் காற்றுவழி தானே குறுகுமாறு, வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களைக் கொண்டு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியையும் அவர் அமைத்தார். இன்று வெப்பநிலையைத் தானே ஒழுங்கு செய்யும் கருவிகள் பலவற்றிற்கு அது முன்னோடி எனலாம். ஒரு குஞ்சு முட்டையினின்று வெளிவர ஏறத்தாழ 21 நாட்கள் ஆகும். அத்தனை நாளும் நீர் நிற்காமல் சுற்ற வேண்டும். ஓரிரவு நின்றாலும் முதலீடு முழுவதும் பாழ். ஆகவே நீர்ச் சுழற்சி நின்றுவிடுமோ என்னும் கவலையை முதலில் அனுபவித்தவர்களுள் இவர் ஒருவர் என்று நாம் ஊகிக்கலாம்.

பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற சபான் பிரபு 1816-ஆம் ஆண்டையொட்டி இம் முறையை அங்குப் பரப்ப முயன்றார். அதனை ஆவலோடு ஏற்றவர்கள் செல்வர் வீட்டுத் தோட்டக்காரர்களே. அன்னாசியும் திராட்சையும் வெப்பநாட்டு மலர்களும் குளிர்காலத்திலும் தழைக்க வேண்டும் என்பது அக்காலப் பிரபுக்களின் பெருமைக்குரிய ஆசை. தோட்டக்காரர்கள் 4 அங்குல விட்டமுள்ள வார்ப்பிரும்புக் குழாய்களைக் கண்ணாடி மனைகளின் ஓரமாக ஓடவிட்டனர். இதன் உச்சநிலையைச் சாட்சுவர்த்து மாளிகைத் தோட்டத்திற் காணலாம். 1836-க்கும் 1840-க்கும் இடையில் சோசப்பு பாக்ஸ்டன் அங்கு எழுப்பிய பெருங் கண்ணாடி மனைக்குத் தரைக்கடியில் 8 கொதிகலங்கள் இருந்தன. குழாய்களின் மொத்த நீளம் 7 மைல். முதல் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரி கிடைக்காமற்போகவே அதனுள் இருந்த அரிய செடிகள் மடிந்தன. 1920-இல் அம் மனையையே இடித்துவிட்டனர். வெப்பத்தை நம்பி வாழ்ந்த உயிர்கள் வெப்பம் நின்றதும் வீழ்ந்தன.

இவ்வளவு நடந்தும், நீர் சுற்றுவதன் காரணத்தைப் பற்றிக் குழாய் அமைத்தவர்களிடையே தெளிவு இல்லை. வெந்நீருக்கு மேலே செல்லும் இயல்பு உண்டு, ஆகவே செல்கின்றது என்பதே பலருடைய விளக்கம். இது மருந்து தூக்கம் வருவிப்பது ஏன் என்று கேட்டவனுக்கு, அதற்குத் தூக்கம் வருவிக்கும் தன்மை உண்டு என்று விடை கூறுவதைப் போன்றதே. இக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர் சார்லசு ஊடு என்னும் ஆங்கிலேயர். வெந்நீரால் கட்டடங்களுக்கு வெப்பமூட்டுதல் பற்றி 1837-இல் அவர் வெளியிட்ட நூல், பல பதிப்புகள் கண்டு நெடுங்காலம் கம்மியர்களின் வழிகாட்டியாக விளங்கிற்று. அவர் கூறிய கருத்தின் சாரம் இதுவே: மேலெழும் குழாயில் நிற்பது வெப்பமான நீர்த்தூண், கீழிறங்கும் குழாயில் நிற்பது குளிர்ந்த நீர்த்தூண். இரண்டும் ஒரே உயரமுடையவை. ஆனால் ஒரே எடையுடையவை அல்ல. குளிர்ந்தது கனமானது. கனமான தூண் கீழே அழுத்த, இலேசான தூண் மேலே தள்ளப்படுகின்றது. தராசின் ஒரு தட்டு தாழ மற்றொன்று உயர்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இத் தராசின் எடை வேறுபாடு எவ்வளவு என்று நாம் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்படைவோம். 80 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 972 கிராம். அதே நீர் 60 பாகைக்குக் குளிர்ந்தால் ஒரு லிட்டரின் எடை 983 கிராம். வேறுபாடு 11 கிராம் மட்டுமே. கொதிகலத்தின் நடுப்பகுதிக்கும் ரேடியேட்டரின் நடுப்பகுதிக்கும் இடையே 3 மீட்டர் உயரம் இருப்பதாகக் கொள்வோம். அப்போது நீரை ஓட்டும் அழுத்தம், 34 மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமம்; அஃதாவது இரண்டு விரற்கிடை நீர். வீடு முழுவதும் பரந்து கிடக்கும் குழாய்களினூடே நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை நகர்த்துவது இந்த இரண்டு விரற்கிடை நீரின் கனமே!

இந்த எண்ணை நினைவில் இருத்திக்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும். ஓட்டும் விசை மிகச் சிறிது. எனவே சிறு தடையும் அதற்குப் பெருந்தடையே. அக்காலத்துக் குழாய்கள் யானைக்கால் போலப் பருத்திருந்ததற்குக் காரணம் இதுவே. ஒரே அளவு நீர் ஓடும்போது குழாயின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், உராய்வினால் ஏற்படும் தடை 16 மடங்கு முதல் 32 மடங்கு வரை பெருகிவிடும். பருமனான குழாய் அழகைக் கெடுக்கின்றது என்று கருதி, ஓரிடத்தில் மெல்லிய குழாயைப் புகுத்திய வீட்டுக்காரர், அவ்விடத்திற்கு அப்பாலுள்ள அறைகளைத் தாமே குளிரில் தள்ளியவராவார்.

இனி, சுழற்சி குன்றிய ஒரு வீட்டிற்குள் அனுபவம் வாய்ந்த குழாய்க் கம்மியர் ஒருவரோடு நாமும் செல்வோம். அவர் வந்தவுடன் கருவிப்பையைத் திறப்பதில்லை. முதலில் பரணுக்கு ஏறுகின்றார். அங்குள்ள தொட்டியில் நீர் இருக்கின்றதா என்று பார்க்கின்றார். நீர் வெப்பத்தால் விரிவது. 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறும் 200 லிட்டர் நீர், ஏறத்தாழ 6 லிட்டர் அளவு பெருகும். அப் பெருக்கத்திற்கு இடமளிக்கவும், ஆவியாகிக் குறையும் நீரை ஈடு செய்யவும் அமைந்ததே அத் தொட்டி. அதில் புதுநீர் விடும் மிதவைக் குழாய் துருப்பிடித்து இறுகிவிட்டால் நீர்மட்டம் நாளடைவில் தாழும். தொட்டி வறண்ட பின் உச்சியிலுள்ள குழாயும் வறளும். மேலெழும் தூணையும் கீழிறங்கும் தூணையும் இணைப்பது அக் குழாயாதலின், வளையம் அறுந்துவிடுகின்றது, நீர் நின்றுவிடுகின்றது. மேல்மாடி முதலில் குளிர்ந்ததாக வீட்டார் கூறினால் கம்மியரின் ஐயம் இதன்மீதே செல்லும். ஒரு குடம் நீரில் தீரும் நோய்க்குக் கொதிகலத்தையே மாற்றிய வீடுகளும் இருந்திருக்கலாம்.

தொட்டியில் குறை இல்லையெனில் அவர் ரேடியேட்டர்களைக் கையால் தொட்டுப் பார்க்கின்றார். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றதே இது. அடி சூடாகவும் தலை குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று தங்கியுள்ளது என்பது பொருள். தண்ணீரில் எப்போதும் காற்று கரைந்திருக்கும். சூடேற்றும்போது அது குமிழிகளாகப் பிரிந்து மேலே சேரும். ரேடியேட்டரின் உச்சியிலுள்ள சிறு திருகைத் திறந்தால் சீறிக்கொண்டு காற்று வெளியேறும். பின்பு நீர் வரும். அப்போது மூடிவிட வேண்டும். மாறாக, தலை சூடாகவும் அடி குளிர்ந்தும் இருந்தால் குற்றவாளி காற்றன்று, சேறு. இரும்பும் நீரும் கூடிப் பிறப்பித்த கருந்துருப் பொடி ஆண்டுக்கணக்கில் அடியில் படிந்து வழியை அடைத்திருக்கும். அதனைக் கழற்றி நீர் பாய்ச்சிக் கழுவுவதே மருந்து. இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுத்தம் வேண்டும் என்னும் ஆர்வத்தால் ஆண்டுதோறும் நீர் முழுவதையும் வடித்துப் புதுநீர் நிரப்புவோர் உளர். புதுநீர் புதுக்காற்றைக் கொண்டு வருகின்றது. புதுக்காற்று புதுத் துருவை விளைக்கின்றது. பழைய நீரே அமைப்புக்கு நல்ல நண்பன்.

காற்றை வெளியேற்றிய மறுவாரமே மீண்டும் காற்று சேர்ந்தால் என் செய்வது? கம்மியர் இப்போது மட்டப்பலகையை எடுத்துக் குழாய்களின் சரிவை அளக்கின்றார். குழாய் எங்கும் ஒரே திசையில் மெல்ல உயர்ந்து செல்ல வேண்டும். 10 அடிக்கு 1 அங்குலம் என்பது பழைய கம்மியர்களிடையே வழங்கிய ஒரு கணக்கு. அவ்வாறு உயர்ந்தால் குமிழிகள் தாமே ஏறித் தொட்டி வழியாக வெளியேறும். கட்டடம் நாளடைவில் ஒருபக்கம் தாழ்ந்தாலும், குழாயைத் தாங்கும் கொக்கி ஒன்று கழன்றாலும், குழாயில் ஒட்டகத்தின் முதுகு போன்ற மேடு உண்டாகும். அம் மேட்டில் காற்று ஒளிந்துகொள்ளும். இரண்டு விரற்கிடை நீரின் விசை அதனைத் தள்ள மாட்டாது. கண்ணுக்குப் புலப்படாத அக் காற்றுக் கட்டி, இரும்புக் கதவு போல் நின்று நீரை மறிக்கும். கொக்கியைச் சரி செய்து குழாயை நிமிர்த்தினால் போதும். வீட்டின் ஒரு சிறகு முழுவதும் உயிர்பெறும்.

அருகிலுள்ள அறைகள் வெந்து, தொலைவிலுள்ள அறைகள் குளிர்ந்து கிடந்தால் அங்கு அடைப்பு இல்லை, பங்கீட்டில்தான் பிழை. நீர் எளிய வழியையே நாடும். அருகிலுள்ள கலங்களின் திருகுகளைச் சற்று மூடினால் நீர் தொலைவுக்கும் செல்லும். மாடிகள் பலவாயின் வேறொரு புதுமையையும் காணலாம். உயரம் கூடக்கூட எடை வேறுபாடும் கூடுமாதலால் மேல்மாடியின் சுழற்சி விரைவாகவும் கீழ்த்தளத்தின் சுழற்சி மந்தமாகவும் இருக்கும். அங்கும் மேல்தளத்தைச் சற்று அடக்கினால்தான் கீழ்த்தளம் வாழும்.

கம்மியர் இறுதியாகக் கொதிகலத்தினருகே சென்று, வெளிச்செல்லும் குழாயை ஒரு கையாலும் திரும்பிவரும் குழாயை மறு கையாலும் தொடுகின்றார். இரண்டும் ஏறத்தாழ ஒரே சூடாக இருந்தால் நீர் நன்றாகவே ஓடுகின்றது. குறை வேறிடத்தில் உள்ளது. கலத்தின்மீது கனத்த திரைச்சீலை தொங்கலாம். சாளரத்தின் இடுக்கு வழியே வெப்பம் தப்பி ஓடலாம். ஒன்று கொதிக்க மற்றொன்று குளிர்ந்திருந்தால் ஓட்டம் மந்தம். எனினும், திரும்பும் நீர் குளிரக் குளிர அதன் கனம் கூடுகின்றது. கனம் கூடக்கூட ஓட்டும் விசையும் கூடுகின்றது. அஃதாவது சோர்வுற்ற சுழற்சி தன்னைத் தானே ஓரளவு தேற்றிக்கொள்ள முயல்கின்றது. முயன்றும் தேறவில்லையாயின், தடை உண்மையிலேயே பெரிது என்று தெளியலாம்.

வசதிக்காகக் கொதிகலத்தை நிலவறையினின்று பெயர்த்துச் சமையலறைத் தரையில் வைத்துவிட்டு, கீழ்த்தளம் சூடாகவில்லை என்று வருந்தும் வீட்டாரும் உண்டு. கொதிகலத்தின் நடுவும் ரேடியேட்டரின் நடுவும் ஒரே மட்டத்தில் வந்துவிட்டால் ஓட்டும் விசை ஏறக்குறைய மறைந்துபோகும். தராசின் இரு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்துவிட்டு ஒன்று தாழவில்லையே என்று ஏங்குவதால் பயன் என்ன?

இதுவரை கூறியவை குளிரை மட்டுமே விளைக்கும் குறைகள். உயிருக்கே இறுதி விளைக்கும் குறையும் ஒன்று உண்டு. கடும்பனிக் காலத்தில், நெருப்பணைந்த இரவில், பரணிலுள்ள குழாயில் நீர் உறைந்து கட்டியாகிவிடும். விடியற்காலையில் எழுந்த பணிப்பெண் ஒன்றும் அறியாமல் அடுப்பை மூட்டுவாள். நீர் விரியும்; விரிந்த நீருக்கு வெளியேற வழியிராது; ஓடவும் வழியிராது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சமையலறை அடுப்போடு இணைந்த சிறு கொதிகலங்கள் இவ்வாறு வெடித்து உயிர்களைப் பறித்தன. ஆகவே கொதிகலம் இடிப்பது போன்ற ஓசை எழுப்பி, குழாய்கள் குளிர்ந்து கிடந்தால், காரணம் தேடுவதற்கு முன்பே நெருப்பைக் குறைக்க வேண்டும் என்பது முதல் விதியாயிற்று. தொட்டிக்குச் செல்லும் வழியில் எந்தத் திருகும் இருத்தலாகாது என்பதும், காப்புத் திறப்பு ஒன்று தவறாமல் வேண்டும் என்பதும் அத் துயரங்கள் புகட்டிய பாடங்கள்.

சிறிய விசையோடு வாழப் பொறுமையின்றி, அதனைப் பெரிதாக்க முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவிற் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ் 1831-இல் ஒரு புது முறைக்குக் காப்புரிமை பெற்றார். மிகத் தடித்த சுவரும் குறுகிய துளையும் உடைய இரும்புக் குழாயை முழுவதும் மூடி, உள்ளிருக்கும் நீரைக் கொதிநிலைக்கு மேலும் சூடேற்றினார். வெப்பம் மிகுந்ததால் எடை வேறுபாடும் மிகுந்தது. மெல்லிய குழாயிலும் நீர் விரைந்தோடியது. தம் இல்லத்தையும் அதிலிருந்த கலைக்கூடத்தையும் சூடாக்கப் பல முறைகளைச் சோதித்துச் சலித்த கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன், 1830-களின் தொடக்கத்தில் இம் முறையை ஏற்று நிறைவு பெற்றார். ஆனால் அக் குழாய்கள் அருகிலுள்ள மரத்தைக் கருக்கிவிடுமோ என்னும் அச்சம் தீக்காப்பீட்டாரிடையே எழுந்தது. 1850-களில் பீட்டர்சுபர்க்கு நகரில் பிரான்சு சான்கள்ளி என்பார் ரேடியேட்டரை உருவாக்கினார். அதன்பின் பரந்த இரும்புக் கலங்களும் மிதமான சூடும் கொண்ட முறையே இல்லங்களிற் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தவராகிய மார்க் அனிவெல், பாதரசத்தால் அடைப்பிட்ட ஒரு கருவியைக் கொண்டு நீரைச் சற்று அழுத்தத்தில் நிறுத்தி, கொதிக்காமலே அதிகச் சூடு ஏறச் செய்தார். இவர்கள் யாவரும் தராசின் தட்டுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பெருக்கியவர்களே.

தராசையே வேண்டாம் என்று ஒதுக்கியவர் செருமானியர் வில்லெம் ஒப்லேண்டர். 1928-இல் அவர் குழாயின் வளைவில் மின்சாரத்தாற் சுழலும் சிறு சுழலி ஒன்றைப் பொருத்தி நீரைத் தள்ளச் செய்தார். இரண்டு விரற்கிடை நீரின் அழுத்தம் இருந்த இடத்தில், பிற்காலப் பம்புகள் சில மீட்டர் அழுத்தத்தை எளிதில் அளித்தன. குழாய்கள் மெலிந்தன. கொதிகலம் எங்கும் இருக்கலாம் என்றாயிற்று. சரிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை குறைந்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அந் நன்மையோடு ஒரு மறதியும் வந்தது. அமெரிக்காவில் பழைய வீடுகளுக்குப் பம்பு பொருத்திய கம்மியர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். நேற்றுவரை நன்றாகச் சூடேறிய மேல்மாடி, பம்பு வந்தபின் குளிர்ந்தது; கீழ்த்தளமோ கொதித்தது. பம்பை மாற்றினர், பெரிதாக்கினர், பயனில்லை. காரணம் ரேடியேட்டரின் திருகுக்குள் ஒளிந்திருந்தது. பழைய கம்மியர்கள், விரைந்தோடும் மேல்மாடி நீரை அடக்குவதற்காக, நடுவே துளையிட்ட சிறு தகட்டை அங்கே வைத்திருந்தனர். எடை வேறுபாட்டால் ஓடிய நீருக்கு அது நீதியான பங்கீடு. பம்பினால் தள்ளப்படும் நீருக்கோ அது வீண் தடை. ஆகவே நீர் தடையற்ற கீழ்த்தளத்தையே நாடியது. தகட்டை எடுத்தவுடன் மாடி சூடாயிற்று. அதை வைத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். எடுக்கத் தெரியாமல் திகைத்தவர்களும் அறிவிலிகள் அல்லர். இடையே ஒரு தலைமுறையின் அறிவு கைமாறாமல் அறுந்துபோயிற்று, அவ்வளவே.

இந்த மறதியின் விலை ஒரு குளிர்காலத்தில் வெளிப்பட்டது. 1998-ஆம் ஆண்டு சனவரித் திங்களின் முதற்பகுதியில் கனடா நாட்டுக் குவிபெக்கு மாநிலத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் உறைமழை நாட்கணக்கிற் பெய்தது. பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மின்கோபுரங்கள் மடிந்து வீழ்ந்தன. பல லட்சம் இல்லங்களில் மின்சாரம் நின்றது. சில ஊர்களில் ஒரு மாதத்திற்கு மேலும் அது திரும்பவில்லை. மின்சாரத்தாலேயே சூடேறிய வீடுகள் குளிர்ந்ததில் வியப்பில்லை. எரிபொருள் நிறைந்திருந்தும், அதனை மூட்டும் பொறிக்கும் நீரைத் தள்ளும் பம்புக்கும் மின்சாரம் இன்மையால் கொதிகலங்கள் வாளாவிருந்ததே எண்ணத்தக்கது. விறகோ நிலக்கரியோ இட்டு எரிக்கும் பழைய கொதிகலமும் பருத்த குழாய்களும் உள்ள வீட்டில், நெருப்பும் புவியீர்ப்பும் மட்டுமே வேலை செய்கின்றன. புவியீர்ப்பு எந்தப் புயலிலும் நிற்பதில்லை. உருசிய நாட்டுச் சிற்றூர் வீடுகளிலும் அதன் அண்டை நாடுகளிலும் இத்தகைய அமைப்புகள் இன்றும் வழக்கில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பம்பைக் கழற்றி எறிய வேண்டும் என்று இதனால் நான் கூற வரவில்லை. வலிய கருவி நம் கைக்கு வந்தபின்னும், அதற்கு முன்பு வேலை செய்த மெல்லிய விசையை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வலிய விசை நம் பிழைகளை மறைத்துவிடும்; மேடும் பள்ளமுமான குழாயிலும் நீரைத் தள்ளிவிடும். மெல்லிய விசையோ ஒரு பிழையையும் பொறுப்பதில்லை; ஆகவே அது நல்லாசிரியன்.

அந்த ஆசிரியன் நமக்கும் அயலான் அல்லன். நம் ஊர்களில் இன்று பல வீடுகளின் மொட்டைமாடியில் கதிரவன் வெப்பத்தால் நீர் காய்ச்சும் கருவி இருக்கின்றது. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பம்பு இல்லை. சாய்ந்த தட்டிலோ கண்ணாடிக் குழாய்களிலோ சூடேறிய நீர் மேலேயுள்ள தொட்டிக்கு எழ, குளிர்ந்த நீர் கீழிறங்குகின்றது. தொட்டி கீழே வைக்கப்பட்டாலும், குழாயில் மேடு விழுந்து காற்று தங்கினாலும், சுண்ணப் படிவு துளையை அடைத்தாலும் நல்ல வெயிலிலும் வெந்நீர் வாராது. அப்போது கருவியைப் பழிப்பதற்கு முன் குழாயின் சரிவை ஒருமுறை பார்க்கலாம். தொட்டியில் நீர் உண்டா என்று பார்க்கலாம். ஏறும் குழாயையும் இறங்கும் குழாயையும் எச்சரிக்கையோடு தொட்டு ஒப்பிடலாம். நியூகாசில் தோட்டத்திலும் பாரிசுக் குஞ்சுப் பொரிப்பகத்திலும் நீரைச் சுற்றவைத்த அதே சிறு கனமே அங்கும் வேலை செய்கின்றது. அதன் வழியில் நாம் தடை வைக்காதிருந்தால் போதும். அது தானே சுற்றும்.